கிழங்கை அழுகவைக்கும் கிருமிக் குலம்

மாசி, பங்குனி மாதங்களில் கங்கைச் சமவெளியில் பயணம் செய்வோர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். வயலோரங்களில் புதிதாகத் தோண்டிய உருளைக்கிழங்கு குவியல் குவியலாகக் கிடக்கும். ஒருபுறம் பெரியதும் சிறியதுமாகத் தரம் பிரிப்பர்; மறுபுறம் சாக்குகளில் நிரப்பி வாய் தைப்பர். அங்கிருந்து மூட்டைகள் குளிர்பதனக் கிடங்குகளுக்குப் புறப்படும். நம் நாட்டில் ஆண்டுதோறும் 5 கோடி டன்னுக்கு மேல் உருளைக்கிழங்கு விளைகிறது. உலகில் சீனத்துக்கு அடுத்தபடியாக இதனை மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியாவே. இதில் பெரும்பகுதி குளிர்காலத்தில் வடநாட்டுச் சமவெளியில் விளைந்து, வெயில் ஏறத் தொடங்கும் வேளையில் மண்ணிலிருந்து வெளிவருகிறது. ஆகவே, உண்பதற்குரிய கிழங்கையும், அடுத்த பருவத்துக்கு விதையாகும் கிழங்கையும் கோடை முழுவதும் கெடாமல் காக்கவேண்டிய கட்டாயம் நமக்கு இருக்கிறது.

அவ்வாறு காத்து வைத்த குவியலில் ஒரு நாள் கைவிட்டுப் பார்க்கிறோம். மேலுக்கு நன்றாகத் தோன்றிய ஒரு கிழங்கின் தோலுக்குள் விரல் புதைந்துவிடுகிறது. உள்ளே சதைக்குப் பதில் வெளிறிய கூழ் இருக்கிறது. அதனை ஒட்டிக் கிடந்த கிழங்குகளும் ஈரம் பட்டு நெகிழ்ந்திருக்கின்றன. சில நாட்கள் கவனியாமல் விட்டால் குவியலின் நடுப்பகுதியே நீராகிக் கசியத் தொடங்கும். உழுது, விதைத்து, நீர் பாய்ச்சி, உரமிட்டு, அறுவடையும் முடித்த பிறகு நேரும் இழப்பு இது. வயலில் ஒரு செடி பட்டுப்போனால் செலவில் ஒரு பகுதியேனும் மிஞ்சும். கிடங்கில் கிழங்கு அழுகினாலோ, போட்ட முதல் அனைத்தும் அதனோடு போகும். இந்நோயை மென்னழுகல் நோய் என்பர். உருளைக்கிழங்குக்கு மட்டுமன்றிக் காரட், முள்ளங்கி, சர்க்கரைவள்ளி முதலியவற்றுக்கும் இது வருகிறது.

இதற்குக் காரணமான கிருமி எது? நெடுங்காலம் இக்கேள்விக்கு ஏறக்குறைய ஒரே பெயர்தான் விடையாகக் கூறப்பட்டு வந்தது. இன்றோ, அந்த ஒரு பெயருக்குள் ஒரு பெருங்குலமே அடங்கியிருந்தது என்பது தெரிந்துவிட்டது. இவ்வேறுபாடு ஆராய்ச்சிக்கூடத்தாருக்கு மட்டும் உரிய செய்தியன்று. விதைக்கிழங்கு வாங்கும் உழவருக்கும் அதனால் ஆவது உண்டு. அதனையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில் இக்கிருமி செய்யும் வேலையைப் பார்ப்போம். கிழங்கின் சதை கோடிக்கணக்கான சிற்றறைகளால் ஆனது. ஒரு சுவரில் செங்கற்களுக்கு இடையே சுண்ணாம்புச் சாந்து இருப்பதுபோல, இவ்வறைகளுக்கு இடையே பெக்டின் என்னும் பசைப்பொருள் இருக்கிறது. பழக்கூழ் இறுகுவதும் இப்பொருளாலேதான். மென்னழுகல் கிருமி இந்தப் பெக்டினைக் கரைக்கும் என்சைம்களை, அதாவது நொதிப்பொருள்களை, தன் உடலிலிருந்து வெளியே கசியவிடுகிறது. சாந்து கரைந்தால் சுவர் நிற்பது எங்ஙனம்? அறைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. அவற்றிலுள்ள சாறு வெளிவருகிறது. அச்சாறே கிருமிக்கு உணவாகிறது. அழுகிய பகுதிக்கும் நல்ல பகுதிக்கும் இடையே பெரும்பாலும் ஒரு கருங்கோடு காணப்படும். தொடக்கத்தில் நாற்றம் அதிகம் இராது. மூக்கைப் பிடிக்கவைக்கும் நாற்றம் பின்னால் வந்து சேரும் வேறு கிருமிகளால் உண்டாவது.

இக்கிருமியின் மற்றொரு தன்மை வியக்கத்தக்கது. அது கிழங்குக்குள் புகுந்தவுடனேயே அழிவு வேலையைத் தொடங்கிவிடுவதில்லை. கிழங்கின் தோலில் காற்று வாங்குவதற்கென உள்ள நுண்துளைகளில் சிறு எண்ணிக்கையில் நெடுநாள் ஓசையின்றித் தங்கியிருக்கும். ஒவ்வொரு கிருமியும் ஒருவகை இரசாயனப் பொருளைச் சிறிது சிறிதாக வெளியிட்டுக்கொண்டே இருக்கும். கிருமிகள் பெருகப் பெருக அப்பொருளின் அளவும் பெருகும். அது ஓர் அளவைத் தாண்டியதும், தமது கூட்டம் போதிய அளவு பெருகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளமாகிறது. அப்போதுதான் நொதிப்பொருள்கள் பெருமளவில் வெளிப்படுகின்றன. சிறு எண்ணிக்கையில் தாக்கினால் செடியின் தற்காப்பு விழித்துக்கொள்ளும். பெருங்கூட்டமாகத் தாக்கினால் செடி விழிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்தனர்.

கிழங்கின்மேல் நீர் படலமாகத் தங்கினால் இக்கிருமிக்குக் கொண்டாட்டமாகிவிடும். நீர்ப்படலம் காற்றை மறைக்கிறது. பிராணவாயு குறைந்த கிழங்கு தன் தற்காப்பை இழக்கிறது. கிருமியோ பிராணவாயு இருந்தாலும் வாழும், இல்லாவிட்டாலும் வாழும். ஈரமும் வெப்பமும் காற்றோட்டமின்மையும் ஒன்று சேர்ந்த இடத்தில் மென்னழுகல் விரைந்து பரவுவதற்குக் காரணம் இதுவே.

இனி, பெயரின் வரலாற்றுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பாக்டீரியா என்னும் நுண்கிருமிகள் செடிகளுக்கு நோய் தரவல்லவையா என்பதிலேயே அறிஞர்களிடையே வாதம் நடந்தது. தரமாட்டா என்று ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பிஷர் கூறினார். தரும் என்று அமெரிக்காவைச் சேர்ந்த எர்வின் ஸ்மித் ஒன்றன்பின் ஒன்றாகச் சான்றுகளை எடுத்து வைத்தார். அந்த வாதம் ஓயும் தறுவாயில், 1901ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் எல். ஆர். ஜோன்ஸ் என்பவர் அழுகிய காரட்டிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து விவரித்தார். காரட்டைத் தின்பது என்ற பொருள்பட அதற்குக் கரோட்டோவோரஸ் என்று பெயரிட்டார். கிருமியை நீக்கிவிட்டு அதன் நொதிப்பொருளை மட்டும் எடுத்துக் காரட்டின்மேல் இட்டாலும் சதை கரைவதை அவர் 1909இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் விளக்கினார். 1902இல் ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர் வான் ஹால், உருளைச் செடியின் அடித்தண்டு கறுத்து அழுகும் நோய்க்குக் காரணமான இன்னொரு கிருமியை விவரித்தார்.

1917இல் இவையும் இவற்றைப் போன்ற வேறு சிலவும் ஒரு குலமாக்கப்பட்டு, எர்வின் ஸ்மித்தின் நினைவாக எர்வினியா என்று பெயர் பெற்றன. ஆனால் அக்குலத்தில் பேரி மரத்தைக் கருகச் செய்யும் கிருமியும் இருந்தது. அது பெக்டினைக் கரைத்து அழுகலை உண்டாக்குவதன்று. ஆகவே, பெக்டினைக் கரைப்பவற்றைப் பெக்டோபாக்டீரியம் என்ற தனிக் குலமாக்க வேண்டும் என்று 1945இலேயே வால்டீ என்பவர் கூறினார். அவர் சொல்லை அன்று பலர் ஏற்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், மரபுப் பொருளையே படித்துப் பார்க்கும் வசதி வந்தபிறகு, 1998இல் அவர் கருத்து நிலைபெற்றது. 2005இல் அதிலிருந்து மேலும் ஒரு கிளை பிரிக்கப்பட்டு, அமெரிக்க ஆராய்ச்சியாளர் டிக்கியின் பெயரால் டிக்கேயா என்னும் குலம் உண்டாயிற்று.

உருவத்தில் இவையெல்லாம் ஒன்றே. நுண்பெருக்கியின் கீழ், நீந்துவதற்கு மெல்லிய இழைகளை உடைய சிறு கோல்களாகவே தோன்றும். பின் எவ்வாறு பிரித்தறிவது? முன்னாளில் வெப்பத்தைக் கொண்டு சோதித்தனர். பெக்டினும் ஊதாச் சாயமும் கலந்த கூழில் கிருமிகளை வளர்ப்பர். பெக்டினைக் கரைக்கும் கிருமி தானிருக்கும் இடத்தில் ஒரு சிறு குழியைத் தோண்டிக்கொள்ளும். வான் ஹால் கண்ட கிருமி 27 டிகிரி வெப்பத்தில் மட்டும் குழி பறிக்கும். காரட் கிருமி 33.5 டிகிரியிலும் பறிக்கும். டிக்கேயா 37 டிகிரியிலும் சளைக்காமல் பறிக்கும். எளிய சோதனைதான், பயனும் உள்ளதுதான். ஆனால் பின்னர்க் கண்டறியப்பட்ட சில இனங்கள் இவ்வெல்லைகளுக்குள் அடங்கவில்லை. ஆகவே வேறு வழி வேண்டியிருந்தது.

அந்த வழியை ஜீன் ஆராய்ச்சி காட்டியது. ஒவ்வொரு கிருமியின் உள்ளும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட ஒரு பெருநூல் என்று அதனைக் கருதலாம். 2004ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தில் வைத்திருந்த ஓர் உருளைக்கிழங்குக் கிருமியின் இழை முழுவதும் படித்து வெளியிடப்பட்டது. அதில் 50 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட எழுத்துக்களும், ஏறத்தாழ 4,500 ஜீன்களும் இருந்தன. இரு கிருமிகளின் நூல்களை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டு, பொதுவான பகுதிகளில் நூற்றுக்கு 95 அளவிற்கு எழுத்துக்கள் ஒத்திருந்தால் அவ்விரண்டையும் ஓரினம் எனக் கொள்வது இன்றைய வழக்கம். அதற்குக் குறைந்தால் வேற்றினம்.

இந்த அளவுகோலைக் கொண்டு பழைய சேமிப்புக் குழாய்களில் இருந்த கிருமிகளை மறுபடியும் சோதித்தபோது, ஒரே பெயர் ஒட்டிய குழாய்களில் வெவ்வேறு இனங்கள் இருப்பது தெரிய வந்தது. பிரேஸில் நாட்டில் உருளைச் செடியின் தண்டைக் கறுக்க வைத்த ஒரு வகை 2004இல் விவரிக்கப்பட்டு, அந்நாட்டின் பெயரைப் பெற்றது. பிறகு பல கண்டங்களிலும் அது இருப்பது அறியப்பட்டது. ஜப்பானில் வசாபி என்னும் காரச்செடியின் தண்டுக்கிழங்கை அழுக்கும் கிருமி என 1987இல் பெயரிடப்பட்ட இனத்தோடு, உருளைக்கிழங்கில் கண்ட சில கிருமிகளையும் ஒருகாலத்தில் சேர்த்து எண்ணினர். அவை வேறு என்று தெரிந்ததும், 2016இல் அவற்றுக்குப் பார்மென்டியரின் பெயரைச் சூட்டினர். பார்மென்டியர் பிரெஞ்சு மக்கள் உருளைக்கிழங்கை விரும்பி உண்ணுமாறு செய்யப் பாடுபட்டவர். கிழங்கை வளர்க்கப் பாடுபட்டவர் பெயர் கிழங்கை அழிக்கும் கிருமிக்கு வந்து சேர்ந்தது. இன்று பெக்டோபாக்டீரியம் குலத்தில் மட்டும் இனங்களின் எண்ணிக்கை இருபதை ஒட்டியிருக்கிறது.

ஓரினத்தைச் சேர்ந்த கிருமிகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஓர் ஊரார் அனைவரும் உழவுக்கருவிகள் வைத்திருந்தாலும், ஒருவர் வீட்டில் தச்சுக்கருவியும் இன்னொருவர் வீட்டில் தறியும் இருப்பது போல, எல்லாக் கிருமிகளுக்கும் பொதுவான ஜீன்களோடு, சிலவற்றுக்கு மட்டும் உரிய ஜீன்களும் இருக்கின்றன. இவற்றில் பல தாயிடமிருந்து வந்தவை அல்ல. அக்கம்பக்கத்துக் கிருமிகளிடமிருந்தோ, கிருமிகளைத் தாக்கும் வைரஸ்கள் வழியாகவோ பெற்றவை. ஸ்காத்லாந்துக் கிருமியை ஆராய்ந்தபோது, முற்றிலும் வேறு குலத்தைச் சேர்ந்த ஓர் இலைநோய்க் கிருமியிடம் காணப்படும் நச்சுப்பொருள் தொடர்பான ஜீன்களைப் போன்றவை அதனிடமும் இருக்கக் கண்டனர். ஆகவே, கிருமியின் ஆற்றல் அதன் பெயரை மட்டும் பொறுத்ததன்று.

வேறுபாடு மிகுந்த இனங்கள் ஒருபுறம் இருக்க, வேறுபாடே இல்லாத இனம் ஒன்றும் உண்டு. 2000ஆம் ஆண்டுகளின் இடையில் ஐரோப்பிய நாடுகளின் உருளை வயல்களில் டிக்கேயாவின் ஒரு புதுவகை தோன்றியது. 2014இல் அதற்கு டிக்கேயா சொலானி என்று முறைப்படி பெயரிட்டனர். பல நாடுகளிலிருந்து எடுத்த அக்கிருமிகளின் இழைகளைப் படித்தபோது, பெரும்பாலானவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. நெடுங்காலமாக ஓரிடத்தில் வாழ்ந்த கிருமியானால் வேறுபாடுகள் பெருகியிருக்கும். இதுவோ அண்மையில் எங்கோ ஓரிடத்தில் கிழங்குக்குள் புகுந்து, விதைக்கிழங்கு மூட்டைகளோடு நாடு நாடாகச் சென்றிருக்கிறது. ஹாலந்தில் பூச்செடிகளின் குமிழ்க்கிழங்குகளிலும் இவ்வினம் காணப்பட்டமையால், அங்கிருந்தே உருளைக்கு வந்திருக்கலாம் என்று கருதுவோர் உளர். ஹாலந்திலிருந்து விதை வாங்கிய இஸ்ரேல் நாட்டு வயல்களிலும் இந்நோய் தோன்றியது. 2010இல் ஸ்காத்லாந்து, டிக்கேயா இருக்கும் விதைக்கிழங்கு ஒரு சிறிதும் அனுமதிக்கப்படாது எனச் சட்டம் செய்துகொண்டது. ஜீன்களின் ஒற்றுமை வேற்றுமையைப் பார்த்தே, நோய் வந்த வழியை ஊகித்தறிய முடிகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இதனால் உழவருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். முதற்பயன், விதைச் சோதனையில் இருக்கிறது. விதைக்கிழங்கின் வழியாகவே இந்நோய் பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. தாய்க்கிழங்கு மண்ணுக்குள் அழுகும்போது கிருமிகள் மண்ணீரில் கலந்து, புதிதாகப் பருக்கும் கிழங்குகளின் நுண்துளைகளில் போய்த் தங்குகின்றன. கண்ணுக்கு அக்கிழங்குகள் குற்றமற்றவையாகவே தோன்றும். ஓரினத்தை மட்டும் காட்டவல்ல சோதனையைச் செய்து, கிருமி இல்லை என்று சான்றிதழ் கொடுத்தால், மற்ற இனங்கள் அந்தச் சான்றிதழோடு வயலுக்குப் போய்ச் சேரும். சான்றிதழை நம்பி அதிக விலை கொடுத்தவர் ஏமாறுவார். ஆகவே, ஒரு வட்டாரத்தில் எந்தெந்த இனங்கள் உள்ளன என்பதை முதலில் கணக்கெடுத்து, அவையனைத்தையும் காட்டும் சோதனையை வகுக்க வேண்டும்.

இரண்டாவது, மருந்தைப் பற்றியது. கிழங்குக்குள் புகுந்துவிட்ட மென்னழுகலைக் குணப்படுத்த மருந்து இல்லை. கிருமிகளைத் தின்னும் வைரஸ்களைக் கொண்டு அவற்றை அடக்கலாம் என்று சில நாடுகளில் முயன்று வருகின்றனர். ஆனால் அந்த வைரஸ்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய சில கிருமிகளை மட்டுமே தாக்கும். டிக்கேயா சொலானி போல ஒரே சாயலுடைய கிருமிக்கு எதிராக இவ்வழி நம்பிக்கை அளிக்கிறது. காரட் கிருமி போலப் பலவாறு வேறுபட்டதற்கு எதிராக ஒரு வைரஸ் போதாது. நோயைத் தாங்கும் புதிய உருளை வகைகளை உண்டாக்குவோருக்கும் இதே கவலை உண்டு. ஓரினத்துக்குத் தளராத வகை, மற்றோர் இனத்துக்கும் தளராதிருக்கும் என்று உறுதி கூற இயலாது.

மூன்றாவது, பயிர்மாற்றம். கிழங்குப் பயிர்களையே தொடர்ந்து வைக்காமல், இடையில் தானியப் பயிர் வைப்பது பொதுவாக நன்று. எனினும் டிக்கேயா குலத்தில் மக்காச்சோளத்தின் தண்டையும் நெல்லின் அடித்தண்டையும் அழுகச் செய்யும் இனங்கள் இருக்கின்றன. நிலத்தில் உள்ளது எந்த இனம் என்று தெரிந்தால், அடுத்த பயிரைத் தேர்ந்துகொள்வது எளிதாகும்.

நம் நாட்டின் நிலைமையில் இவ்வறிவு மேலும் இன்றியமையாதது. குளிர்நாடுகளின் நூல்களில் தண்டுக்கறுப்பு நோயின் குளிர்விரும்பிக் கிருமிக்கே முதலிடம் தரப்பட்டிருக்கும். இந்தியாவிலோ இமயமலைச் சரிவு, கங்கைச் சமவெளி, தக்காண மேட்டுநிலம், நீலகிரி என வெப்பநிலை வேறுபட்ட பல இடங்களில் உருளை பயிராகிறது. 1949இல் பாட்னாவில் நிறுவப்பட்டு 1956இல் சிம்லாவுக்கு மாற்றப்பட்ட மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், முதலில் குளிர்ந்த மலைப்பகுதிகளிலும், பின்னர் அசுவினிப்பூச்சி குறைந்த பருவம் பார்த்துச் சமவெளியிலும் நல்ல விதை உண்டாக்கும் முறைகளை வகுத்தது. அவை பெரும்பாலும் வைரஸ் நோய்களைத் தவிர்ப்பதற்கென அமைந்தவை. மென்னழுகல் கிருமியின் கணக்கு வேறு. குளிரில் அடங்கிக் கிடந்த கிருமி வெப்பம் மிகுந்த இடத்துக்கு வந்ததும் விழித்தெழக்கூடும். 2 முதல் 4 டிகிரி வரை குளிரூட்டிய கிடங்கில் அது பெருகுவதில்லை. ஆனால் சாவதும் இல்லை. மின்சாரம் நெடுநேரம் தடைப்பட்டுக் கிடங்கு சூடேறினாலும், வெளியே எடுத்த குளிர்ந்த கிழங்கின்மேல் நீர் பனித்தாலும் அது மறுபடி வேலையைத் தொடங்கும்.

கிருமியின் இனம் எதுவாயினும், உழவர் தம் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய காப்புகள் சில உண்டு. அவற்றையும் கூறி முடிப்போம். நீர் தேங்காத நிலத்தில் உருளை வைக்க வேண்டும். இயன்றவரை சிறு கிழங்குகளை முழுதாகவே விதைக்க வேண்டும். வெட்ட நேர்ந்தால் கத்தியை அடிக்கடி கிருமிநாசினியில் தோய்த்துக்கொள்ள வேண்டும். ஓர் அழுகிய கிழங்கை வெட்டிய கத்தி, அடுத்துப் பல கிழங்குகளுக்கு நோயைக் கொடுக்கவல்லது. அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாட்களுக்கு முன்பே பாசனத்தை நிறுத்தி, மேற்செடியை அறுத்துவிட்டால் தோல் முற்றிக் கெட்டிப்படும். மண் உலர்ந்திருக்கும் நாளில் தோண்ட வேண்டும். கிழங்கைத் தூக்கி எறிவதும், குவியலின்மேல் ஏறி நடப்பதும் காயத்தை உண்டாக்கும். ஒவ்வொரு காயமும் கிருமிக்குத் திறந்துவிட்ட வாயில். தோண்டிய கிழங்கை வெயிலில் விடாது, நிழலில் காற்றோட்டமாகக் குவித்து, வைக்கோல் மூடிப் பத்துப் பதினைந்து நாட்கள் ஆறவிட்டால் சிறு காயங்கள் ஆறிவிடும். அதன்பின் அழுகலையும் காயம்பட்டவற்றையும் பொறுக்கி நீக்கிவிட்டே கிடங்குக்கு அனுப்ப வேண்டும். கழுவிய கிழங்கைச் சேமிக்கலாகாது. காரட்டைக் கழுவி விற்கும் இடங்களில், ஒரே நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் ஒரு காரட்டின் கிருமி மற்றவற்றுக்கும் பரவும். பொறுக்கி எடுத்த அழுகலை வயலோரத்திலும் வாய்க்காலிலும் எறியாமல் ஆழக் குழிவெட்டிப் புதைப்பது அண்டை வயலாருக்கும் நன்மையாகும்.

இக்கிருமிகள் மனிதருக்கு நோய் தருவனவல்ல. ஆகவே அச்சம் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் அழுகல் கண்ட இடத்தில், எப்போதும் வருவதுதான் என்று எண்ணி வாளா இருத்தல் கூடாது. எந்த விதை, எங்கே வாங்கியது, எந்த வயலில் எத்தனை கிழங்கு கெட்டது என்பதைக் குறித்து வைத்து, மாதிரிக் கிழங்குகளை அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தாரிடமோ வேளாண்மைக் கல்லூரியாரிடமோ சேர்ப்பிக்க வேண்டும். வயல்தோறும் இவ்வாறு மாதிரிகள் வந்து சேர்ந்தால்தான் நம் நாட்டில் எந்த இனம் எங்கே வாழ்கிறது என்ற கணக்கு நிறைவுறும். அக்கணக்கு நிறைவுற்றால், விதை மூட்டையின்மேல் ஒட்டிய சான்றிதழை உழவர் நம்பி வாங்கலாம்.